சவரக்கத்தி தாடியை இழுக்குதுன்னா வாரை மாத்தாதீங்க, முதல்ல பெவலைப் பாருங்க

உங்க கேள்வி எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இதுதான்: தாத்தா வச்சிருந்த சோலிங்கன் சவரக்கத்தி ஒண்ணு பழைய பெட்டியில கிடைச்சிருக்கு, 6/8 இன்ச் அகலம், மேல இருந்த துருவைத் தேச்சு எடுத்துட்டீங்க, ஒரு தோல் வாரும் வாங்கி தினமும் தீட்டுறீங்க, ஆனாலும் கன்னத்துல வச்சா முடியை வெட்டாம இழுக்குது, கழுத்துல வச்சா எரியுது, அதனால இன்னும் நல்ல வாரா வாங்கணுமா இல்ல தெருவுல வர்ற சாணை பிடிக்கிறவர்கிட்ட குடுத்துடலாமான்னு கேக்குறீங்க. ரெண்டுமே வேண்டாங்க. அந்த ரெண்டாவது யோசனையை மட்டும் தயவுசெஞ்சு இன்னைக்கே விட்டுடுங்க.

சாணை பிடிக்கிறவர் மேல எந்தத் தப்பும் இல்ல, அவர் சக்கரம் அருவாளுக்கும் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் உள்ளது, அந்த வேலைய அவர் அருமையா செய்வார். ஆனா சவரக்கத்தியோட வாய்ப்பக்கம் இருக்கிற இரும்பு காகிதக் கனம்தான், சக்கரத்துல பொறி பறக்குற சூடு அங்க ஏறினா பரவிப் போக இடமே கிடையாது. சுமார் 200 டிகிரி தாண்டினாலே அந்த ஸ்டீலோட பதம் இறங்க ஆரம்பிச்சுடும், ஓரத்துல நீலம் ஓடிடுச்சுன்னா 300 டிகிரி பக்கம் போயிட்டு வந்திருக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம் எந்தக் கல்லுல தேச்சாலும் அந்த இடத்துல கூர் நிக்காது, பதம் போன இரும்பை முழுசா தேச்சுத் தள்ளி உள்ள இருக்கிற நல்ல இரும்புக்கு வர்ற வரைக்கும். அதுவும் போக, உங்க கத்தி ரெண்டு பக்கமும் குழிவா கடைஞ்ச ஹாலோ கிரவுண்ட் கத்தியா இருந்தா சக்கரம் அந்தக் குழிவோட வடிவத்தையே மாத்திடும்.

சரி, வார் ஏன் உதவல? இதுதான் விஷயமே. வார் புதுசா கூர் உண்டாக்காது. இருக்கிற கூரை நேராக்கும், துடைக்கும், வழுவழுன்னு ஆக்கும், அவ்ளோதான். கல்லுல ஒழுங்கா பெவல், அதாவது வாய் ஓரத்துச் சரிவு, போட்ட கத்தியை வார் மாசக்கணக்குல உயிரோட வச்சிருக்கும், பெவலே சேராத கத்தியை வருஷம் முழுக்க வாருல இழுத்தாலும் அது சவரத்துக்கு வராது. கத்தி சரியில்லன்னு புலம்புறவங்க கொண்டு வந்து காட்டுறதுல பெரும்பாலும் நான் பாக்குறது இந்த ஒரே குறைதான், பெவல் முழு நீளத்துக்கும் சேந்திருக்காது. அவங்க செலவெல்லாம் 12000 கிரிட் (நம்பர் ஏற ஏற கல்லு நைஸ்) கல்லு மேலயும் விலை உசந்த வாரு மேலயும் போயிருக்கும், 1000 கிரிட் கல்லுல பண்ண வேண்டிய வேலை பாக்கி கிடக்கும்.

பெவல்னா என்னன்னு சொல்லிடறேன். ஓட்டு வீட்டுக் கூரையை நினைச்சுக்கோங்க, ரெண்டு பக்கச் சரிவும் மேல மோட்டுல வந்து சேரணும், சேந்தாத்தான் மழைத்தண்ணி உள்ள இறங்காது. கத்தி வாயும் அப்படித்தான், இந்தப் பக்கச் சரிவும் அந்தப் பக்கச் சரிவும் ஒரே கோட்டுல சந்திக்கணும், நுனியில இருந்து அடி வரைக்கும் ஒரு இடம் விடாம. சவரக்கத்தியில இருக்கிற பெரிய வசதி என்னன்னா கோணத்தை நாம கையில பிடிக்க வேண்டியதில்ல, கத்தியைப் படுக்கப் போட்டா முதுகும் வாயும் ரெண்டுமே கல்லைத் தொடும், முதுகோட கனமே கோணத்தை நிர்ணயிச்சுடும். உங்க 6/8 கத்தி சுமார் 19 மில்லிமீட்டர் அகலம், முதுகு 5 மில்லிமீட்டர் கனம் இருந்தா ரெண்டு பக்கமும் சேத்து கிட்டத்தட்ட 15 டிகிரி வரும். சமையல்கட்டு கத்தி பொதுவா 30ல இருந்து 40 டிகிரி, அதுல பாதிதான், இல்ல அதுக்கும் கீழ இது. அதனாலதான் இவ்ளோ சுகமா வெட்டுது, அதனாலதான் இவ்ளோ சீக்கிரம் கெட்டும் போகுது.

பழைய கத்தியில ஒரு ஸ்கேல் வச்சு முதுகு கனத்தை அளந்து பாருங்க. பல கையில பல வருஷம் தீட்டித் தீட்டி முதுகு தேஞ்சு 4 மில்லிமீட்டருக்கு வந்திருந்தா கோணம் 12 டிகிரிக்கு இறங்கிடும், அது ரொம்ப நோஞ்சான் வாய், முதல் ரெண்டு இழுப்புல நல்லா வெட்டும் அப்புறம் உதிர ஆரம்பிக்கும். அந்த மாதிரி கத்திக்கு முதுகு மேல ஒரு சுத்து எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டிட்டு தீட்டுறது வழக்கம், ஒரு டேப் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏத்திக் குடுக்கும், முதுகும் மேல தேயாது. டேப் கிழிய ஆரம்பிச்சா உடனே மாத்திடணும். ஒரு தடவை டேப் போட்டு பெவல் வச்சா கடைசி கல்லு வரைக்கும் அதே டேப் கணக்குலயே போகணும், நடுவுல எடுத்துட்டா கோணம் மாறி நீங்க தேய்க்கிறது வாயில படவே படாது.

கல்லுக்குப் போறதுக்கு முன்னாடி கத்தியை நல்ல வெளிச்சத்துல பாருங்க. 10 மடங்கு பெருசா காட்டுற லூப் ஒண்ணு, நகைக்கடைக்காரங்க வச்சிருப்பாங்களே அது, போதும். துருவைத் தேச்சு எடுத்தேன்னு சொல்றீங்க, மேல படிஞ்ச துரு வேற, குழி விழுந்த துரு வேற. குழி வாய்க்கு ஓரத்துல இருந்தா அது வர்ற இடத்துலெல்லாம் வாய் பொரிஞ்சு, அதாவது சில்லு சில்லா பேந்து, போகும், அந்தக் குழி மறையற வரைக்கும் தேய்க்கணும், வேற வழி இல்ல. பிடியையும் மோந்து பாருங்க. ஆமைஓடு மாதிரியோ தந்தம் மாதிரியோ மினுக்கற பிடி பழசுல பெரும்பாலும் செல்லுலாய்ட், கற்பூர வாசனை அடிக்கும். செல்லுலாய்ட் நாள்பட்டு சிதைய ஆரம்பிச்சா அதுல இருந்து வர்ற அமில ஆவி, மூடி வச்ச கத்தியை உள்ளயிருந்தே அரிக்கும், அப்படி ஆரம்பிச்சிருந்தா பிடியை மாத்தாம கத்தியைக் காப்பாத்த முடியாது.

சோலிங்கன்னு முத்திரை இருக்குன்னு சொன்னீங்க, நல்ல விஷயம். அந்த ஊர் பேரைக் காப்பாத்த ஜெர்மனியில 1938லயே தனிச் சட்டம் போட்டுட்டாங்க, அங்க செய்யாத கத்தியில அந்தப் பேரைப் போடக்கூடாது. கூடவே ஜெர்மனின்னும் அடிச்சிருந்தா பெரும்பாலும் 1891க்குப் பிந்தினது, அமெரிக்காவுக்குள்ள வர்ற சரக்குல எந்த நாட்டுதுன்னு போட்டாகணும்னு மெக்கின்லி வரிச் சட்டம் அப்பத்தான் அமலுக்கு வந்துச்சு. இங்கிலாந்து ஷெஃபீல்டு கத்திகளும் நிறைய நம்ம ஊருக்கு வந்திருக்கு, அதுல பழசெல்லாம் ஆப்பு மாதிரி கெட்டியா இருக்கும், சோலிங்கன்தான் ஹாலோ கடைசல்ல பேர் வாங்கினது. இங்க ஒண்ணு சொல்லாம இருக்க முடியல: மைக்கேல் ஃபாரடே மின்சாரத்துல பேர் வாங்குறதுக்கு முன்னாடி, 1820ஐ ஒட்டின வருஷங்கள்ல, ஜேம்ஸ் ஸ்டோடார்ட்னு ஒரு கத்தி செய்யறவரோட சேந்து உருக்கு ஆராய்ச்சி பண்ணார், அவங்க புரிஞ்சுக்க நினைச்சது தென்னிந்தியாவுல இருந்து போன உருக்கை. கொடுமணல் மாதிரி நம்ம ஊர்களோட பேரோட சேத்துப் பேசப்படுற, மூசைங்கிற மண் குடுவையில உருக்கி எடுத்த அதே உருக்கு. ஃபாரடே தான் செஞ்ச கலப்பு உருக்குல சவரக்கத்தி பண்ணி நண்பர்களுக்கு பரிசா குடுத்தார். ஒரு உருக்கு நல்லதா இல்லையான்னு சோதிக்க அந்தக் காலத்துல சவரக்கத்தியை விடக் கடுமையான பரீட்சை இல்ல.

இப்ப கல்லு. உங்களுக்கு வேண்டியது 1000, அப்புறம் 3000 இல்ல 4000, அப்புறம் 8000, முடிஞ்சா கடைசியா 12000. ஷாப்டன், நானிவா, கிங், நார்ட்டன் எதுவா இருந்தாலும் சரி, ஒரே கம்பெனி வரிசையா இருந்தா படி படியா ஏறுறது சுலபம். ஹார்டுவேர் கடையில கிடைக்கிற ரெண்டு பக்க எண்ணெய்க்கல்லு ஆசாரியோட உளிக்கு, அதோட நைஸ் பக்கமே நமக்கு முரடு. காசு நிறைய போட மனசில்லன்னா லேப்பிங் ஃபிலிம்னு 3எம் தயாரிக்கிறது ஒண்ணு இருக்கு, மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்ல அளவான துகள் பூசினது, 12 மைக்ரான்ல இருந்து 0.3 மைக்ரான் வரைக்கும் வரும், பாலிஷ் பண்ண கிரானைட் டைல் துண்டு மேல தண்ணி தெளிச்சு ஒட்டினா அதுவே தட்டையான கல்லு. ஷீட் தேஞ்சா தூக்கிப் போட்டுட்டு அடுத்தது. முதல் கத்திக்கு இது போதும்னுதான் சொல்வேன், 12 இல்ல 9 மைக்ரான்ல ஆரம்பிச்சு 3, 1ன்னு வந்து நிறுத்தலாம்.

கல்லு வாங்கினா ஒரு வேலைய விட்டுடாதீங்க, தட்டை பாக்கறது. புதுக் கல்லும் தட்டையா இருக்கும்னு நம்பிடக் கூடாது. கல்லு மேல பென்சில்ல கட்டம் கட்டமா கோடு போட்டு, கண்ணாடி மேல 400 நம்பர் வாட்டர் பேப்பரை விரிச்சு, தண்ணி ஊத்தி, கோடு மொத்தமும் மறையற வரைக்கும் தேயுங்க. டைமண்ட் பிளேட் இருந்தா இன்னும் நல்லது. நடுவுல குழிஞ்ச கல்லுல எத்தனை மணி நேரம் நின்னாலும் நேர் வாய் வராது. ஓரங்களையும் கொஞ்சம் மழுக்கி விடுங்க, கூரான கல் விளிம்பு கத்தி வாயில பட்டா அங்கேயே ஒரு பொரி எடுத்துடும்.

1000 கல்லுல வேலை எப்படின்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், இங்கதான் எல்லாமே தீர்மானமாகுது. முதல்ல பெவல் மேல ரெண்டு பக்கமும் கறுப்பு மார்க்கரால மை பூசுங்க. கத்தியைப் படுக்க வச்சு, முதுகும் வாயும் கல்லைத் தொட, வாய் முன்னாடி போற மாதிரி நாலு இழுப்பு, கல்லோட ஒரு மூலையில அடிப்பக்கம் ஆரம்பிச்சு எதிர் மூலையில நுனியில முடியணும், குறுக்கா எக்ஸ் மாதிரி. திருப்பும்போது முதுகு மேலயே புரட்டணும். இப்ப லூப்ல பாருங்க. மை முழுக்க போயிருந்தா சந்தோஷம். வாய் ஓரத்துல மயிரிழை மாதிரி கறுப்புக் கோடு மிச்சம் இருந்தா நீங்க தேய்க்கிறது பெவலோட பின்பகுதியை மட்டும், வாயை இன்னும் தொடவே இல்ல. பழைய கத்தியில நுனிப்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மை அப்படியே நிக்கறது ரொம்ப சாதாரணம், கத்தி லேசா முறுக்கி இருக்கும், இல்ல யாரோ அடிப்பக்கத்தையே அழுத்தி அழுத்தித் தீட்டியிருப்பாங்க. அதுக்கு நுனி வர்றப்ப மணிக்கட்டை கொஞ்சூண்டு உருட்டிக் குடுக்கணும், அழுத்தி சரி பண்ணப் பாக்காதீங்க.

அழுத்தம் பத்தி இன்னும் ஒண்ணு. ஹாலோ கத்தி வளையும். விரல் வச்சு அமுக்கினீங்கன்னா நடுப்பகுதி கல்லைப் பாத்து குழிஞ்சு வாய் மேல தூக்கிக்கும், நீங்க வேர்த்து விறுவிறுத்து தேச்சாலும் வாயில ஒண்ணும் நடக்காது. கத்தியோட சொந்த எடைக்கு மேல கொஞ்சம், 1000ல மட்டும், போதும். தண்ணியைப் பாத்துக்கிட்டே இருங்க: பெவல் சேராத வரைக்கும் தண்ணி வாய்க்கு அடியில புகுந்து போகும், சேர ஆரம்பிச்சதும் வாய் தண்ணியை முன்னாடி தள்ளிக்கிட்டே போகும், அலை முழு நீளத்துக்கும் ஒரே சீரா எழும்பி கத்தி மேல ஏறும். எங்க அலை உடையுதோ அங்க இன்னும் வேலை பாக்கி. கண்ணுக்குத் தெரியற அத்தாட்சி இது, எண்ணிக்கையை விட இதைத்தான் நான் நம்புவேன். இத்தனை ரவுண்டுன்னு யாராவது நம்பர் சொன்னா அது அவங்க கத்திக்கு.

சேந்துடுச்சான்னு பாக்க ரெண்டு சோதனை. பல்புக்குக் கீழ வாயை மேல் நோக்கிப் பிடிங்க, வாய் கோட்டுல எங்கயாவது வெள்ளையா மினுக்குச்சுன்னா அங்க மழுங்கல், கூரான வாய்க்கு ஒளியைத் திருப்பி அனுப்ப அகலமே இருக்காது. அடுத்தது முன்கை முடி, தோலை ஒட்டி வச்சு நகர்த்தினா சோப்பு இல்லாமயே முடி சிரைஞ்சு வரணும், நுனி, நடு, அடி மூணு இடத்துலயும். 1000லயே இது நடக்கணும். நடக்கலன்னா 4000க்குப் போகாதீங்க, அங்க போனா சரியாயிடும்னு ஒரு ஆசை வரும், ஆகாது, மேல் கல்லுங்க கீறலை நைஸ் பண்ணும், பெவல் வைக்காது.

அதுக்கப்புறம் உள்ளது பொறுமை மட்டும்தான். 4000ல 1000 போட்ட கீறல் மறையணும், 8000ல 4000 போட்டது மறையணும். ஒவ்வொரு கல்லுக்கும் அழுத்தத்தைக் குறைச்சுக்கிட்டே வாங்க, கல்லு மாத்துறப்ப கத்தியைக் கழுவுங்க, முரட்டுத் துகள் ஒண்ணு நைஸ் கல்லுக்குப் போனா கீறிக்கிட்டே இருக்கும். கடைசி கல்லுல கடைசி பத்து இழுப்பு சுத்தமான தண்ணியில, கத்தி எடை கூட முழுசா விழாத மாதிரி. 8000 முடிச்ச கத்தியில நிம்மதியா சவரம் பண்ணலாம், 12000 அதை இன்னும் மிருதுவாக்கும்.

இயற்கைக் கல்லு பத்தியும் சொல்லணும், ஏன்னா நீங்க கேட்டது கூர் மட்டுமில்ல, எரிச்சல் இல்லாத சவரம். பெல்ஜியத்துல ஆர்டென் மலைப்பகுதியில கோட்டிகுல்னு ஒரு மஞ்சள் கல்லு வெட்டி எடுக்கறாங்க, அதுக்குள்ள இருக்கிறது நுண்ணிய கார்னெட் மணிகள், பன்னிரண்டு முகம் கொண்டது, அதனால ஆழமா உழாம மேலோட்டமா மழிச்சு விடும். கோட்டிகுல்ல முடிச்ச வாய் லூப்ல பாக்க 12000 செயற்கைக் கல்லு அளவுக்கு பளபளப்பா இருக்காது, ஆனா கழுத்துல வச்சா தோல் அதை சந்தோஷமா ஏத்துக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச கல்லு இது. ஆனா ஆரம்பிக்கிறவங்களுக்கு சொல்ல மாட்டேன், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு குணம், கல்லைத் தேச்சா வர்ற சேறு மாதிரி குழைவைத் தண்ணி விட்டு கொஞ்சம் கொஞ்சமா நீர்க்க வச்சுக்கிட்டே தீட்டணும், அந்தக் கைப்பழக்கம் வர நாளாகும்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணம், கூர் கம்மியா இருக்கிறது மட்டுமில்ல, அளவுக்கு மீறித் தீட்டினாலும் எரியும். வாய் நுனியில இரும்பு சவ்வு மாதிரி மெலிஞ்சு ஒரு பிசிறு நிக்கும், முடி சோதனையில பிரமாதமா பாஸாகும், முகத்துல ரெண்டாவது இழுப்புலயே பிஞ்சு பல்லு பல்லா ஆகி தோலைச் சுரண்டும். கழுத்துல சிவப்புப் புள்ளி புள்ளியா வந்தா இதையும் சந்தேகப்படுங்க. மருந்து எளிசு, கத்தியை செங்குத்தா நிறுத்தி கல்லு மேல அழுத்தமே இல்லாம ஒரே ஒரு தடவை இழுத்து பிசிறை உடைச்சுட்டு, 8000ல இருந்து மறுபடி மெதுவா மேல வாங்க.

இப்ப வாருக்கு வரலாம். உங்ககிட்ட இருக்கிற வாரே போதும், ஒரு பக்கம் கெட்டி காட்டன் கேன்வாஸ் துணி இருந்தா நல்லது. வழக்கம் துணியில ஒரு இருபது முப்பது, தோல்ல ஐம்பது அறுபது, ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னாடி. எண்ணிக்கை கூடினா தப்பில்ல, வேகம் கூடினாதான் தப்பு. வாரை இழுத்து விறைப்பா பிடிங்க, தொய்வா இருந்தா தோல் வாயைச் சுத்தி மேல ஏறும், கூர் உருண்டு போயிடும். கத்தி நகரும்போது முதுகுதான் முன்னாடி போகணும், வாய் பின்னாடி வரணும், கல்லுக்கு நேர் எதிர். கடைசி அங்குலத்துல கத்தி நிக்கறதுக்கு முன்னாடியே திருப்பத்தை ஆரம்பிக்காதீங்க, நின்னதும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல காம்பை, அதாவது வாய்க்கும் பிடிக்கும் இடையில உள்ள தண்டை, உருட்டுங்க, மணிக்கட்டைத் திருப்பாதீங்க. முதுகு தோலை விட்டு எழும்பவே கூடாது, வாய் மட்டும் ஆகாசத்துல ஒரு அரைவட்டம் போட்டு அந்தப் பக்கம் இறங்கணும். மணிக்கட்டைத் திருப்பறவங்க முதுகைத் தூக்கிடுவாங்க, அந்த ஒரு கணத்துல வாய் தோல்ல குத்தி வாரும் கீறும் கத்தியும் மழுங்கும். சத்தத்தையும் கேளுங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சத்தம் வரணும், ஒரு பக்கம் மட்டும் சுரண்டற சத்தம் வந்தா அங்க கோணம் தப்புது.

வாருல தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல்வாங்க, வேண்டாம், உள்ளங்கையால நல்லா அழுத்தித் தேச்சு விட்டா அந்த சூடும் கையோட பிசுபிசுப்பும் போதும். கைப்பழக்கம் வர்ற வரைக்கும், மடிச்ச நியூஸ்பேப்பரை ஒரு தட்டையான பலகையில ஒட்டி அதுலயும் பழகலாம், அச்சு மையில இருக்கிற கார்பன் நல்லாவே வேலை செய்யும், கிழிஞ்சா நஷ்டமும் இல்ல.

பச்சைப் பொடி, அதாவது குரோமியம் ஆக்சைடு, 0.5 மைக்ரான், அதை தினசரி வாருல பூசிடாதீங்க. தனியா ஒரு பால்சாங்கிற மெது மரக்கட்டையிலயோ டெனிம் துணியிலயோ தேச்சு வச்சுக்கோங்க. வார் மட்டும் போதலன்னு முகம் சொல்ற அன்னைக்கு பத்து இழுப்பு, அப்புறம் வழக்கமான தோல். அதுவும் போதாதுன்னு வந்தா கடைசி கல்லுல ஒரு பதினஞ்சு இழுப்பு. இப்படிப் போனா 1000 கல்லுப் பக்கம் வருஷக்கணக்கா திரும்பாமலே இருக்கலாம், கத்தி கீழ விழாத வரைக்கும். பச்சைப் பொடியையே நம்பிக்கிட்டு கல்லை மறந்தா பெவல் நுனி கொஞ்சம் கொஞ்சமா உருண்டு, ஒரு நாள் எதுக்குமே மசியாது.

இவ்ளோ மெனக்கெட்டும் கூர் ஏன் போகுதுன்னு கேட்டீங்கன்னா, ரெண்டு எதிரி. ஒண்ணு முடி. 2020ல அமெரிக்காவுல இருக்கிற எம்ஐடி பல்கலைக்கழக ஆளுங்க சயன்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு போட்டாங்க, ஜியான்லூகா ரோசியோலி, செம் தசான் எல்லாம் சேந்து. முடியை விட ஸ்டீல் சுமார் ஐம்பது மடங்கு கடினம், அப்படியும் பிளேடு எப்படி கெடுதுன்னு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தா, எல்லாரும் நினைச்ச மாதிரி சீரா தேயல, முடி வளைஞ்சு குடுக்கிற இடத்துல வாய் சின்னச் சின்னதா பொரியுது, அதுவும் ஸ்டீலோட உள் அமைப்பு ஒரே சீரா இல்லாத புள்ளியில. அவங்க பாத்தது யூஸ் அண்ட் த்ரோ ரேசரோட ஸ்டெயின்லெஸ் பிளேடு, நம்ம கார்பன் ஸ்டீலுக்கு அப்படியே பொருத்திப் பாக்க முடியாது. ஆனா அதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது, முடி நிமிர்ந்து நிக்கற மாதிரி தோலை நல்லா இழுத்துப் பிடிக்கறது கத்திக்கும் நல்லதுன்னுதான். முடியை நல்லா ஊற வைங்க, குளிச்சு முடிச்ச கையோட, வெந்நீர்ல ரெண்டு மூணு நிமிஷமாவது, காஞ்ச தாடியில இந்தக் கத்தியை வைக்கவே கூடாது.

ரெண்டாவது எதிரி ஈரம், நம்ம ஊருக்கு இதுதான் பெரிய எதிரி. சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல கார்பன் ஸ்டீல் வாய் ஒரே ராத்திரியில கூர் இழக்கும், கண்ணுக்குத் துரு தெரியாது, வாயோட அகலமே ஒரு மைக்ரானுக்கும் கீழ, அங்க நுண்ணிய அரிப்பு போதும். நேத்து சூப்பரா இருந்துச்சு இன்னைக்கு இழுக்குதுன்னு வர்றதுல பாதி இதுதான். முடிச்சதும் கழுவி, முதுகுல இருந்து வாயைப் பாத்து மெல்லிசு துணியால துடைச்சு, துணி வார்ல ஒரு பத்து இழுப்பு இழுத்தா வாய் உலர்ந்துடும். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, விரல்ல தடவாம பஞ்சுல தடவுங்க. தேங்காய் எண்ணெய் நாளாக நாளாக பிசுக்கு கட்டும், அதனால தவிர்க்கறேன். பாத்ரூம்ல வைக்காதீங்க, அறை பீரோவுல வைங்க. பிடிக்குள்ள தண்ணி தங்குற இடத்தையும் டிஷ்யூ விட்டு உறிஞ்சி எடுங்க.

கத்தி சரியாகிட்டும் எரிஞ்சா கையைப் பாருங்க. கத்தியோட முதுகு, முகத்துத் தோல்ல இருந்து கிட்டத்தட்ட 30 டிகிரிக்குள்ள இருக்கணும், அதுக்கு மேல தூக்கினா சுரண்டும், ரொம்பப் படுத்தா இழுக்கும். முதல் சுத்து முடி வளர்ற திசையிலேயே. கழுத்துல முடி பல பேருக்கு பக்கவாட்டுல வளரும், விரலால தடவிப் பாத்து திசையைத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கத்தியை வைங்க. முடிச்சு படிகாரக் கட்டியைத் தடவினா எங்க சுருக்குனு கடிக்குதோ அங்க அழுத்தி இருக்கீங்க. கன்னம் சுகமா இருந்து கழுத்து மட்டும் எரிஞ்சா கை, கன்னத்துலயே இழுத்தா கத்தி, இந்த கணக்கு பெரும்பாலும் தப்பாது. உங்களுக்கு கன்னத்துலயே இழுக்குது.

இன்னொண்ணு, இந்தக் கத்தியை வீட்ல அண்ணன் தம்பிகூட பங்கு போட்டுக்காதீங்க. நம்ம ஊர் சலூன்ல நாற்காலி பக்கத்துல தொங்கின வாரெல்லாம் போய், பாதி பிளேடு உடைச்சு சொருகுற கத்தி வந்ததே எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி பயத்துலதான், அது நியாயமான பயம். பழைய கத்திங்கிறதால முதல் தடவை ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல நல்லா துடைச்சுட்டு ஆரம்பிங்க.

கல்லு வாங்கறதுக்கு முன்னாடியே நீங்க இன்னைக்கு ஒண்ணு பண்ணலாம். மார்க்கர் மையைப் பூசி, டைல் மேல ஒட்டின 1000 நம்பர் வாட்டர் பேப்பர்ல, வாய் பின்னாடி வர்ற மாதிரி, அழுத்தாம ரெண்டே ரெண்டு இழுப்பு. மை எங்க நிக்குது, நுனியிலயா, அடியிலயா, வாய் ஓரம் முழுக்கவான்னு லூப்ல பாத்து, முதுகு கனம் எத்தனை மில்லிமீட்டர்னும் அளந்து எழுதுங்க. அது ரெண்டும் தெரிஞ்சா டேப் வேணுமா, எந்தக் கல்லுல இருந்து ஆரம்பிக்கணும்னு உங்க கத்திக்குன்னே சொல்லிடறேன்.